சாணக் காளானும் பெயர்க் குழப்பமும்

மழைக்காலத்தில் வேலூர், ஆம்பூர்ப் பக்கத்து மேய்ச்சல் நிலங்களிலும் எருக்குழிகளிலும் முளைக்கும் காளானை எல்லாம் போதைக் காளான் என்று வழங்குதல் தகாது. கொடைக்கானற் செய்திகளால் பரவிய பெயர் அது.

இவ்வகையில் பெரிதும் பேசப்படுவது சைலோசைபி கியூபென்சிஸ் என்னும் இனம். கியூபாவின் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஏர்ல் என்பார் 1906-ல் இதனை ஸ்ட்ரோபேரியா என்னும் பேரினத்தில் வைத்தார். 1948-ல் சிங்கர் என்பார் இப்போதைய பேரினத்திற்கு மாற்றினார். நிபுணர் கையிலேயே இடம் மாறிய இனத்தை, சாணத்தில் முளைத்தது என்ற ஒன்றைக் கொண்டே தீர்மானிப்பது எங்ஙனம்? குடையை வெள்ளைத்தாளில் ஓரிரவு கவிழ்த்து வைத்தால் இவ்வினத்தின் வித்துத்தூள் கருஊதாவாகப் படியும். கசக்கிய இடத்தில் நீலம் பாயும். இவையும் ஐயத்திற்கு இடந்தருமேயன்றி முடிவாகா. கருந்தூள் உதிர்க்கும் சாணக் காளான்கள் வேறு பலவும் உள.

சட்டத்தின் பகுப்போ தனி வழியில் செல்வது. 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டம் சைலோசைபின் என்னும் இரசாயனத்தைக் குறிப்பிடுகிறது. காளானைப் பெயரிட்டுக் கூறவில்லை. காளான் இயற்கைப் பொருளேயன்றிக் கலவை அன்று எனக் கேரள உயர்நீதிமன்றம் 2025 ஜனவரியில் ஒரு ஜாமீன் மனுவில் கூறிற்று. அது தின்னவோ விற்கவோ அளித்த அனுமதி அன்று.

ஆகவே, குடியானவர் பெயரறியாக் காளானைச் சிறுவர் வாயில் வைக்க விடலாகாது. கிராம அதிகாரியும் அறிக்கை எழுதுமுன், மாதிரியை நிழலில் உலர்த்திக் காகிதத்தில் பொதிந்து நிபுணரிடம் காட்டுதல் வேண்டும். பிளாஸ்டிக் பையில் அது ஒரே நாளில் அழுகிவிடும்.