பிளாற்றினம் எதற்கு? சிரட்டைக்கரி போதும்!

அக்குறணை வழியாக வரும் பிங்கா ஓயா, நமது கட்டுகஸ்தோட்டையில் மகாவலியோடு கலக்கின்றது. வழிநெடுக வீடுகளும் கடைகளும் விடும் கழிவையும் அது சுமந்து வருகின்றது. நாம் அருவருக்கும் அக்கழிவை விஞ்ஞானம் ஓர் எரிபொருளாகப் பார்க்கின்றது.

நுண்ணங்கிகள் சேதனப் பொருட்களைச் சிதைக்கும்போது மின் உண்டாவதை 1911 இல் இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகப் பேராசிரியர் எம்.சி. பொட்டர் எடுத்துக்காட்டினார். நுண்ணுயிர் எரிபொருட் கலத்தின் தொடக்கம் அதுவே. கழிவை உண்ணும் பற்றீரியாக்கள் அனோட்டில் இலத்திரன்களை விடுகின்றன. அவை கம்பி வழியே கதோட்டை அடைகின்றன. அங்கே வளியிலுள்ள ஒட்சிசன், இலத்திரன்களையும் ஐதரசன் அயன்களையும் ஏற்று நீராகின்றது. இந்த இறுதித் தாக்கம் மிக மெதுவானது. விரைவுபடுத்த ஓர் ஊக்கி வேண்டும்.

நெடுங்காலமாக ஆய்வுகூடங்கள் நாடியது பிளாற்றினத்தை. அவ்வளவு விலையுயர்ந்த உலோகத்தைச் சாக்கடை நீருக்குள் வைக்க எந்த மாநகரசபை முன்வரும்? கழிவிலுள்ள கந்தகச் சேர்வைகள் அதன் திறனையும் கெடுத்துவிடும்.

2009 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு மலிவான வழியைக் காட்டினர். நுண்துளைகள் நிறைந்த ஏவப்பட்ட கரியால் ஆன கதோட்டு, பிளாற்றினக் கதோட்டைவிடச் சற்றுக் கூடுதலான வலுவையே தந்தது. நீர்வடிகளில் இருக்கும் இக்கரியை இலங்கை தேங்காய்ச் சிரட்டையிலிருந்து தயாரித்து ஏற்றுமதி செய்கின்றது. மின்வாய்களுக்கு வேண்டிய காரீயமோ போகலவிலும் கஹட்டகஹவிலும் கிடைக்கின்றது. இரண்டையும் பிறருக்கு அனுப்பிவிட்டு, இத்துறையில் நாம் வெறும் வாசகர்களாக இருப்பதா?

“ஒரு கலம் அரை வோல்ற்றளவுதானே தரும்?” எனச் சிலர் கேட்கலாம். உண்மைதான், வீட்டுக்கு அது போதாது. ஆனால் கழிவுநீரைச் சுத்திகரிக்க இன்று வளி ஊதும் இயந்திரங்களுக்கு நாம் மின்சாரத்தைச் செலவிடுகின்றோம். இக்கலமோ சுத்திகரித்தவாறே சிறிது மின்னையும் தருகின்றது. உகண்டாவின் கிசோரோவில் ஒரு பெண்கள் பாடசாலையில், 2017 இல் சிறுநீரால் இயங்கும் இத்தகைய கலங்கள் இரவில் கழிவறைக்கு வெளிச்சம் தந்தன. இருளுக்கு அஞ்சும் மாணவிக்கு அந்தச் சிறு வெளிச்சம் சிறியதல்ல.

தோழியரே, இதைத் தொடங்கப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. வாய் அகன்ற இரு போத்தல்கள், வடிகாற் சேறு, காரீயத் துண்டுகள், ஒரு தடை, ஒரு பல்மானி போதும். சேற்றுக்குள் ஒரு துண்டு, மேலே நீர்மட்டத்தில் மற்றொன்று. ஒரு போத்தலின் மேற்றுண்டில் மட்டும் ஏவப்பட்ட கரித்தூளைப் பூசுங்கள். தினமும் இரண்டையும் அளந்து எழுதுங்கள். கையுறை அணியவும் பின்னர் சவர்க்காரமிட்டுக் கைகழுவவும் மறவாதீர்கள்.

பெற்றோரே, விஞ்ஞானப் பிரிவென்றால் வைத்தியராவது மட்டுமே என்ற எண்ணத்தைச் சற்றுத் தள்ளி வையுங்கள். மகள் சேற்றுப் போத்தலோடு வீட்டுக்கு வந்தால் முகம் சுளிக்காமல், இன்று எத்தனை மில்லிவோல்ற்று என்று கேளுங்கள். பிங்கா ஓயாவைத் தூய்மையாக்கும் பொறியியலாளர் அவளாகவும் இருக்கலாம்.