சிகிச்சை இலவசம், தங்குவதற்கு இடம் எங்கே?

இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளில் புற்றுநோய்ச் சிகிச்சை இலவசமாகவே வழங்கப்படுகின்றது. இதையிட்டு நாம் பெருமைப்படலாம். ஆயினும், சிகிச்சை இலவசம் என்பதனால் மட்டும் ஓர் ஏழை நோயாளி அதனை முழுமையாகப் பெற்றுவிடுகிறார் என்று கருதிவிட முடியாது. சிகிச்சை நடைபெறும் ஊரில் வாரக்கணக்கில் தங்கியிருக்க அவருக்கு வழியிருக்கின்றதா என்பதே அடுத்து எழும் கேள்வியாகும்.

கொட்டியாரக் குடாவின் தென்புறத்திலுள்ள தோப்பூரில் வாழும் ஒரு கூலித் தொழிலாளிக்கு வாய்ப் புற்றுநோய் கண்டறியப்பட்டதாக வைத்துக்கொள்வோம். வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் அன்றாடப் பழக்கமாகிவிட்ட நமது கிராமங்களில் இது அபூர்வமான நோயன்று. இலங்கை ஆண்களிடையே அதிகமாகக் காணப்படும் புற்றுநோய்களில் இதுவும் ஒன்று. கதிரியக்கச் சிகிச்சைக்காக அவர் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ, மஹரகமவிலுள்ள அபேக்ஷா வைத்தியசாலைக்கோ செல்ல நேரிடும். முன்னையது ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் தொலைவிலும், பின்னையது இருநூற்றைம்பது கிலோமீற்றருக்கும் அப்பாலும் உள்ளன. கிண்ணியாப் பாலம் 2009ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பின்னர் பயணம் இலகுவாகியுள்ளது என்பது உண்மையே. ஆனால், நோயாளி ஒருவர் நாள்தோறும் சென்றுவரக்கூடிய தூரம் அதுவன்று.

இச்சிகிச்சை பொதுவாக வாரத்திற்கு ஐந்து நாட்களாக, ஐந்து முதல் ஏழு வாரங்கள் வரை நீடிக்கின்றது. ஒவ்வொரு நாளும் இயந்திரத்தின் முன் இருக்க வேண்டியது சில நிமிடங்களே. எனவே, நடமாடக்கூடிய நோயாளிக்கு வைத்தியசாலைக் கட்டில் அவசியமில்லை என்பது மருத்துவ ரீதியாக நியாயமானதே. ஆனால், மீதி இருபத்து மூன்றரை மணித்தியாலங்களை அவர் எங்கே கழிப்பது? வாடகை அறை எடுத்தால் இருவருக்கான வாடகையும் உணவுச் செலவும் சேரும். துணைக்கு வருபவரின் நாட்கூலியும் அற்றுப்போகும். நோயாளி பெண்ணாயின், வீட்டிலுள்ள பிள்ளைகளை யாரிடம் விட்டுவருவது என்ற கவலையும் உடனிருக்கும்.

முடிவில் பலரும் இடையிலேயே ஊர் திரும்பிவிடுகின்றனர். இடைநடுவில் நிறுத்தப்பட்ட கதிரியக்கச் சிகிச்சை அதன் பயனை இழக்கின்றது. இரசாயன மருந்துச் சிகிச்சை பெறுவோருக்கோ வேறோர் ஆபத்தும் உண்டு. நோயெதிர்ப்புச் சக்தி குன்றியிருக்கும் நாட்களில் ஏற்படும் காய்ச்சல்கூட உயிருக்கு உலை வைக்கலாம்; அவர்கள் உடனடியாக வைத்தியசாலையை அடைய வேண்டும். ஆகவே, சுத்தமான நீரும் சமைத்த உணவும் கிடைக்கக்கூடிய, வைத்தியசாலைக்கு அண்மித்த ஓர் இருப்பிடம் சிகிச்சையின் ஓர் அங்கம் என்றே கொள்ளப்பட வேண்டும்.

நமது மக்கள் கொடையில் பின்னிற்பவர்கள் அல்லர். 2011ஆம் ஆண்டு தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்த நடைபவனியின் நிதியினால் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. 2016ஆம் ஆண்டு மஹரகம வைத்தியசாலைக்குப் பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்கும் பொருட்டு கதீஜா பவுண்டேசன் முன்னின்று நடத்திய நிதி சேகரிப்பிற்கு இன, மத பேதமின்றி மக்கள் அள்ளிக்கொடுத்தனர். இயந்திரத்திற்கும் கட்டடத்திற்கும் நிதி திரள்கின்றது. ஆனால், ஒரு பாயும் தலையணையும் மூன்று வேளை உணவும் மாதந்தோறும் தேவைப்படுபவை; அவற்றுக்குத் திறப்பு விழாவும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. நமது அறப்பணி பின்தங்கும் இடம் இதுவே.

இது செய்ய இயலாத காரியமன்று. மஹரகமவில் சி.சி.சி. இல்லம் நோயாளருக்கு இலவசமாகத் தங்குமிடம் அளித்துவருகின்றது. இந்தியாவின் மும்பை நகரில் 2006ஆம் ஆண்டு எட்டுக் குடும்பங்களுக்கான இடத்துடன் தொடங்கப்பட்ட செயின்ட் ஜூட் நிலையம், புற்றுநோயுற்ற ஏழைச் சிறுவரையும் பெற்றோரையும் சிகிச்சைக் காலம் முழுவதும் தங்கவைக்கும் பணியைப் பின்னர் சென்னை உள்ளிட்ட பல நகரங்களுக்கும் விரிவுபடுத்தியது. சிறிதாகத் தொடங்கி, தொடர்ந்து நடத்தியதே அதன் வெற்றி.

கிழக்கு மாகாணத்திற்கு வேண்டியதும் இத்தகையதே. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு அருகே ஒரு வாடகை வீடு போதும். பத்து நோயாளரும் பத்துத் துணைவரும் தங்கலாம். பெண்களுக்குத் தனிப்பகுதி, பொதுச் சமையலறை, வைத்தியசாலைக்குச் சென்றுவர ஒரு முச்சக்கர வண்டி, ஆண்டுதோறும் வெளியிடப்படும் கணக்கறிக்கை ஆகியன இருந்தாற் போதுமானது. ஸகாத் நிதியைப் பங்கிடும் பள்ளிவாசல்களும் அன்னதானம் நடத்தும் ஆலயங்களும் தேவாலயங்களும் இதனை இணைந்தே நடத்தலாம். ஸகாத் பெறத் தகுதியுடையோர் வரிசையில் ஏழையும் கடனாளியும் வழிப்போக்கரும் இடம்பெறுகின்றனர். சிகிச்சைக்காக ஊரைவிட்டு வந்து நிற்கும் ஏழை நோயாளி இம்மூவருமாக இருக்கக்கூடியவர். யாத்திரிகருக்கு மடமும் பயணிகளுக்கு முஸாபர்கானாவும் அமைத்த சமூகங்களுக்கு இது புதிய பாடமுமன்று.

2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் போர் மூண்டபோது மூதூர், தோப்பூர் மக்கள் கால்நடையாகவே கந்தளாய்க்கு ஓடிவந்தனர். அங்கே அவர்களுக்குப் பாயும் சோறும் கொடுத்தவர்கள், வந்தவர் யாரென்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அந்நிய ஊரில் ஒரு கூரை கிடைப்பதன் பெறுமதியை அம்மக்களைவிட நன்கறிந்தவர் யார்? இம்முயற்சிக்கு முதல் அடியை அவ்வூர்களே எடுத்துவைக்குமாயின், அது பொருத்தமானதாகவே இருக்கும்.