கடைசற் கலை

சங்கரன்கோவிலில் ஆடித் தபசு விழா வந்தால் சுற்றுப்புற ஊர்மக்கள் திரண்டு வருவர். தவக்கோலத்தில் நிற்கும் கோமதியம்மைக்குச் சங்கரநாராயணர் காட்சி தருவதைக் காணப் பெரியோர் காத்திருப்பர். சிறுவர் கண்களோ கடைத்தெருவிலேயே நிற்கும். நெல்லைச் சீமையின் திருவிழாக் கடைகளில் சிறுவர் நெஞ்சைக் கவர்ந்த பொருள்களுள் ஒன்று மரச் செப்பு. பேச்சு வழக்கில் அது சொப்பு எனப்படும். அடுப்பு, பானை, உரல், திருகை என ஒரு சமையலறை முழுவதும் ஒரு சிறுமியின் மடியில் அடங்கிவிடும். இச்செப்புக்குப் பெயர் பெற்ற ஊர் தாமிரவருணிக் கரையிலுள்ள அம்பாசமுத்திரம்.

மாணவர்களே! 'கடைதல்' என்னும் சொல்லைச் சற்றே எண்ணிப் பாருங்கள். தயிரைக் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். மத்திற் சுற்றிய கயிற்றை மாறி மாறி இழுப்பது போலவே, பழைய கடைசற் பட்டறையில் ஒருவர் கயிற்றை இழுக்க, மரம் முன்னும் பின்னுமாகச் சுழலும். மற்றொருவர் உளி பிடிப்பார். மரம் தம்மை நோக்கிச் சுழலும்போது மட்டுமே உளி செதுக்கும். இன்று கயிற்றின் வேலையை மின்பொறி செய்கிறது. ஆயினும், உளியை எவ்வளவு சாய்ப்பது, எங்கே நிறுத்துவது என்பதைப் பொறி அறியாது. பழகிய கையே அறியும்.

வண்ணம் ஏற்றும் முறை இன்னும் வியப்புக்குரியது. வண்ணம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின்மேல் அழுத்துவர். உராய்வால் எழும் வெப்பத்தில் அரக்கு இளகி மரத்திற் படியும். பின்னர்த் தாழை மடலை வைத்து அழுத்த, அது சீராகப் பரவிப் பளபளக்கும். தூரிகையும் இல்லை, நெருப்பும் இல்லை. உருவம் தந்த சுழற்சியே ஒளியையும் தருகின்றது.

இதனை எளியோர் தொழில் என்று இகழ்வார் உளர். உருசியப் பேரரசர் பீட்டர் (1672–1725) தம் கையாலேயே மரமும் தந்தமும் கடைந்தார். அவருடைய கடைசற் பொறிகளை இன்றும் அந்நாட்டு அருங்காட்சியகம் போற்றிக் காக்கின்றது. அரசர்க்குப் பெருமை தந்த கலை, நம் ஊர்த் தொழிலாளிக்கு மட்டும் இழிவாகுமோ?

பிளாஸ்டிக்கு விளையாட்டுப் பொருள் மலிவாகக் கிடைக்கின்றது. வறியோர் அதனை வாங்குவதைக் குறை கூறல் தகாது. பழமை என்பதற்காகவே ஒரு தொழிலைக் காக்க வேண்டும் என்பதும் என் கருத்தன்று. தந்தை செய்த தொழிலையே மகனும் செய்தல் வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது அதனினும் தவறு. தொழில் பிறப்பால் வருவதன்று. விருப்பத்தாலும் பயிற்சியாலும் வருவது. ஆகவே, கடைசற் கலை சில குடும்பங்களின் சுமையாக நில்லாமல், விரும்பும் மாணவர் எவரும் கற்கும் பாடமாதல் வேண்டும். வட்டத்தின் இயல்பையும், உராய்வு வெப்பத்தின் ஆற்றலையும் கடைசற் பட்டறையைப் போல் கண்முன் காட்டும் கரும்பலகை ஏது?

கற்றவர்க்குத் தக்க கூலியும் கிடைத்தல் வேண்டும். கலையைப் புகழ்ந்துவிட்டுக் கலைஞனிடம் பேரம் பேசுவது அறமன்று. வாய்ப்புடையோர் உரிய விலை கொடுத்து ஒரு செப்பு வாங்கினால், பட்டறையில் மரம் மேலும் ஒரு நாள் சுழலும். கலையைக் காப்பது வாய்ச்சொல் அன்று. வாழவைக்கும் செயலே ஆகும்.