கடல்கடந்த வணிகத் தகராறுகளில் சமரசம்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டார வணிகர்களும் ஏற்றுமதியாளர்களும் அடங்கிய எங்கள் சங்கத்தின் செயற்குழு இந்த நிலைப்பாட்டை வெளியிடுகிறது. பொதுக்குழுவில் நடந்த வாதத்தை உறுப்பினர்கள் நேரில் கேட்டவர்கள். எனவே மிளகாய் வத்தல் கன்டெய்னர் விவகாரத்தையும் நூல் சரக்கு விவகாரத்தையும் இங்கே மறுபடி விரிக்கவில்லை. அவை சமரசப் பேச்சில் இருப்பதால் விரிப்பது முறையுமல்ல.

வெளிநாட்டுக் கொள்முதலாளர்களுடன் எழும் தகராறுகளைச் சமரசத்தில் தீர்த்துக்கொள்வதைச் சங்கம் கொள்கையளவில் ஆதரிக்கிறது. காரணம் எல்லோரும் பட்டு அறிந்ததுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்தில் வாங்கிய தீர்ப்பை வைத்துக்கொண்டு கொழும்பில் நேரடியாக வசூலிக்க வழியில்லை. ஒருவர் நாட்டுத் தீர்ப்பை மற்றவர் நிறைவேற்றிக்கொள்ளும் நாடுகளாக இந்தியா அறிவித்த பட்டியலில் சிங்கப்பூரும் மலேசியாவும் உண்டு. பக்கத்தில் இருக்கும் இலங்கை இல்லை. அங்கே போய் முதலிலிருந்து வழக்குப் போட வேண்டும். நடுவர் தீர்ப்பாயம் என்றால் செலவு எங்கள் சரக்கின் மதிப்புக்குக் கட்டுப்படியாகாது. உள்நாட்டிலேயே 3 லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட வணிக வழக்குகளில், அவசர நிவாரணம் கேட்டால் ஒழிய, முதலில் சமரசத்துக்குப் போவது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லிவிட்டது. காலம் அந்தப் பக்கம்தான் போகிறது.

ஆனால் எந்தச் சமரசம், எங்கே, எந்த மொழியில் என்பதில் சங்கம் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. கொள்முதலாளர்கள் இப்போது அனுப்பும் அச்சடித்த ஒப்பந்தப் படிவங்களில், தகராறு வந்தால் சிங்கப்பூரில், ஆங்கிலத்தில் சமரசம் என்ற வாசகம் வருகிறது. “கையெழுத்துப் போடாவிட்டால் ஆர்டர் இல்லை” என்கிறார்கள்.

எங்கள் வணிகத்தில் வழக்கமானதை எடுத்துக்கொள்வோம். வத்தல் வாங்குகிறவர் கொழும்பு புறக்கோட்டையில் கடை வைத்திருக்கிறார். விற்கிறவர் அருப்புக்கோட்டையில் இருக்கிறார். விலை பேசியது தமிழில். அட்வான்ஸ் கேட்டது தமிழில். சரக்கில் ஈரம் இருக்கிறது, காம்பு அதிகம் என்று சண்டை போட்டதும் தமிழில்தான். அந்தக் குரல்பதிவுகள் இன்னும் செல்போனில் இருக்கின்றன. இந்த இருவரும் தங்கள் மனத்தாங்கலைப் பேசித் தீர்க்க மூன்றாவது நாட்டுக்குப் போய், இருவருக்கும் சரளமாக வராத மொழியில், இருவரும் கட்டணம் கொடுத்து அமர்த்திய வழக்கறிஞர்களின் வாயால் பேச வேண்டும் என்கிறது படிவம். இது அநியாயம். இதைவிட மென்மையான சொல் போடலாம் என்று செயற்குழுவில் சிலர் கருதினார்கள். பெரும்பான்மையோர் ஒப்பவில்லை.

நீதிமன்றத்தில் வழக்கறிஞர் பேசுவார், நீதிபதி முடிவு சொல்வார்; கட்சிக்காரருக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் தீர்ப்பு வந்துவிடும். சமரசத்தில் அப்படி இல்லை. சமரசர் தீர்ப்புச் சொல்வதில்லை. எவ்வளவு விட்டுக்கொடுப்பது, எதை விடக்கூடாது என்று முடிவெடுப்பது சம்பந்தப்பட்டவரே. அவர் மற்றவர் முகத்தைப் பார்த்துப் பேசி, கேட்டு, இறங்கி வந்தால்தான் அது சமரசம். புரியாத மொழியில் தயாரான தாளில் கடைசி நேரத்தில் கையெழுத்து வாங்குவதைச் சமரசம் என்று எங்களால் ஏற்க முடியாது.

பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கவும் முடியாது. 2023ஆம் ஆண்டின் சமரசச் சட்டம் வகுத்துள்ளபடி, அதன் உரிய பிரிவு நடைமுறைக்கு வந்தால், சமரச உடன்படிக்கை நீதிமன்றத் தீர்ப்பாணையைப் போலவே நிறைவேற்றத்தக்கது. அதை எதிர்க்க அந்தச் சட்டம் தரும் காரணங்கள் மோசடி, ஊழல், ஆள்மாறாட்டம், சமரசத்துக்கு உரியதல்லாத விஷயம் ஆகியவை மட்டுமே. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டேன் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. கடைக் கணக்கைத் தமிழில் எழுதி ஒரு பைசா பிசகாமல் வணிகம் செய்த பெரியவர்கள் எங்கள் உறுப்பினர்களில் இருக்கிறார்கள். அவர்களை இந்த நிலையில் நிறுத்த எவருக்கும் உரிமை இல்லை.

தமிழில் செய்யச் சட்டத் தடை எதுவும் இருப்பதாக எங்களுக்கு யாரும் காட்டவில்லை. சிங்கப்பூர் உடன்படிக்கை எனப்படும் ஐ.நா. பன்னாட்டு உடன்படிக்கை, சமரசத்தில் எழுதிய ஒப்பந்தம் அதை நிறைவேற்றக் கேட்கும் நாட்டின் அலுவல் மொழியில் இல்லாதபோதுதான் மொழிபெயர்ப்பு கேட்கலாம் என்கிறது. 1987-இல் வந்த 13ஆம் திருத்தத்தின்படி இலங்கையில் தமிழும் அலுவல் மொழி. சிங்கப்பூரின் நான்கு அலுவல் மொழிகளில் தமிழ் ஒன்று. இலங்கையில் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைகளில் தமிழில் பேசித் தீர்த்துப் பழகியவர்கள் உண்டு. இங்கே, நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் நாட்டிலேயே முதன்முதலாக 2005-இல் தொடங்கியது சென்னை உயர்நீதிமன்றத்தில்தான். தமிழில் சமரசம் நடத்த ஆள் இல்லை என்று சொல்ல முடியாது.

சமரசம் இந்த ஊருக்குப் புதிதல்ல. சாதி உறவின்முறைகளிலும் வணிகப் பேட்டைகளிலும் கணக்கை விரித்து வைத்துப் பேசி முடித்த வழக்கம் இருந்தது. அந்த முறையில் பெண்களுக்கும் பிற சாதியாருக்கும் விவசாயிகளான சம்சாரிகளுக்கும் சமமான இடம் இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதை அப்படியே திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. ஆனால் அங்கே பேசியது உட்கார்ந்திருந்தவர்களுக்குப் புரிந்தது.

மத்திய அரசுக்கு: சிங்கப்பூர் உடன்படிக்கையில் 2019 ஆகஸ்ட் 7 அன்று, முதல் நாளே, 46 நாடுகளில் ஒன்றாக இந்தியாவும் கையெழுத்திட்டது. அது 2020 செப்டம்பர் 12 முதல் நடைமுறையில் உள்ளது. இலங்கை 2024-இல் ஏற்புறுதி செய்து தனிச் சட்டமும் இயற்றிவிட்டது. இந்தியா ஏற்புறுதி செய்யாமல் வைத்திருக்கிறது. நம் 2023ஆம் ஆண்டுச் சமரசச் சட்டமோ இந்தியாவுக்குள் நடக்கும் சமரசத்துக்குத்தான் பொருந்தும். அதிலும் 2023 அக்டோபர் 9 அன்று சில பிரிவுகளே நடைமுறைக்கு வந்தன. சமரசத்தில் எழுதிய உடன்படிக்கையை நிறைவேற்றித் தரும் 27ஆம் பிரிவு அவற்றில் இல்லை. “உங்கள் நாடு மதிக்காத தாளுக்கு நான் ஏன் மதிப்புக் கொடுக்க வேண்டும்?” என்று கொழும்புக்காரர் கேட்கிறபோது எங்கள் உறுப்பினரிடம் பதில் இல்லை. அரசு உரிய காலத்தில் பரிசீலிக்க வேண்டுகிறோம் என்பது முதல் வரைவு. உடனே ஏற்புறுதி செய்ய வேண்டும் என்பதே முடிவு.

வங்கிகளுக்கு: சமரசத்தில் தொகையைக் குறைத்து ஒப்புக்கொண்டவரை, முழுப் பணமும் வரவில்லை என்று நெருக்காமல் உடன்படிக்கையை ஆவணமாக ஏற்க வேண்டும்.

உறுப்பினர்களுக்கு: வெளிநாட்டில் பணம் நின்றுவிட்டதைக் காரணம் காட்டி, திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்து மானாவாரிச் சம்சாரிக்குச் சேர வேண்டியதை நிறுத்தக் கூடாது. இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்றவர்களும் உண்டு. இப்போதைக்கு வேண்டுகோளாக வைக்கிறோம்.

படிவத்தை மொத்தமாகப் புறக்கணிப்பதா என்பதில் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. ஆர்டரை இழக்கும் சிறு வணிகரைச் சங்கத்தால் தாங்க முடியாது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. எனவே உறுப்பினர்கள் தத்தம் சூழலுக்கேற்ப முடிவெடுக்கலாம். எனினும், சமரசம் தமிழில் நடக்க வேண்டும், மதுரையிலோ கொழும்பிலோ அல்லது இருவரும் எழுதி ஒப்பினால் இணையவழியிலோ நடக்கலாம், உடன்படிக்கையின் தமிழ்ப் படியில் இருவரும் கையெழுத்திட வேண்டும் என்ற மூன்றையும் எழுத்தில் கேட்காமல் யாரும் கையெழுத்திட வேண்டாம். இதற்கான வாசகம் சங்க அலுவலகத்தில் தயாராக உள்ளது. ஏற்கெனவே கையெழுத்திட்டவர்கள் தங்கள் ஒப்பந்தத்தின் நகலை அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்கு முன் அலுவலகத்தில் கொடுக்கவும்.

செயற்குழுவுக்காக,
தலைவர், செயலாளர், பொருளாளர்