உள்ளூராட்சியும் எம்மவர் கடமையும்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, ஞாயிறு எழும் பக்கத்தை எழுவான்கரை என்றும், மேற்கே அது படும் பக்கத்தைப் படுவான்கரை என்றும் எம் முன்னோர் வழங்கினர். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுள்ள இவ்வாவி இரு கரைகளைப் பிரிப்பது போலவே இரு வகை வாழ்வையும் பிரித்து வந்திருக்கிறது. கச்சேரியும் நீதிமன்றமும் பெரிய வைத்தியசாலையும் கடைத்தெருவும் எழுவான்கரையில். நெல்லும் பாலும் குளமும் காடும் படுவான்கரையில். எம் கல்லூரியிற் கற்றோருட் பலர் தோணியிலும் பாதையிலும் வாவியைக் கடந்து வந்தவர்கள். கல்வி முடிந்தபின் அவர்களுள் எத்தனை பேர் திரும்பிச் சென்றனர் என்பதை, விழா மலரைக் கையிலேந்தி மகிழும் இவ்வேளையில், நாம் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் தகும்.

நாம் எழுதப் புகுந்தது உள்ளூராட்சியைப் பற்றி. சுவை குன்றிய பொருளென்று பக்கத்தைத் திருப்ப எண்ணும் அன்பர்கள் ஒரு மதகின் கதையை மட்டுமாவது கேட்டுச் செல்வார்களாக.

சில ஆண்டுகளின் முன்னர், மழைக்கு உடைந்த சிறு மதகொன்றைத் திருத்தித் தருமாறு வேண்டி, ஊரவர் சிலருடன் நாம் ஒரு பிரதேச சபைக்குச் சென்றோம். சபையின் பெயர் ஈண்டு வேண்டா. தவிசாளர் எம்மை அன்போடு வரவேற்றார். மதகுக்கெனப் பணமும் ஒதுக்கப்பட்டிருந்தது. இல்லாதது ஒன்றே: அளந்து மதிப்பீடு தயாரிக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர். அவர் வேறொரு சபைக்கும் பொறுப்பாயிருந்தமையால் கிழமையில் இரண்டு நாள் மட்டுமே இங்கு வருவார். அவ்விரண்டு நாளும் அவர் மேசையில் எமது மதகுக்கு முன்னர் வந்த கோப்புகள் குவிந்து கிடந்தன. கார்த்திகையில் மாரி பிடித்தது. ஆண்டு முடிந்ததும் ஒதுக்கிய பணம் செலவாகாத பணமெனத் திரும்பிப் போயிற்று. மதிப்பீடு மறு ஆண்டு மாசியில் தயாராயிற்று. இடைப்பட்ட மூன்று மாதமும் பிள்ளைகள் சப்பாத்தைக் கையிற் பிடித்துக்கொண்டு முழங்கால் நீரில் நடந்து பள்ளிக்குச் சென்றனர். அச்சபையில் நாம் ஊழலைக் காணவில்லை, சோம்பலையும் காணவில்லை. ஓர் ஆள் இல்லாமையையே கண்டோம்.

அதிகாரப் பரவலாக்கம் பற்றி எம்மவர் மேடைகளிற் பேசுவது கொஞ்சமன்று. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம், மாகாண சபை, காணி, பொலிஸ் என்று பேச்சு உயர்ந்த தளத்திலேயே நிகழ்கிறது. அப்பேச்சு வேண்டாததென்று நாம் கூறவில்லை. ஆனால் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சுகாதாரம், பொது வசதிகள், பொது வழிகள் ஆகியவற்றை ஏலவே ஊர்ச்சபையின் கையில் வைத்திருக்கிறது. கொடுத்த அதிகாரத்தைக் கையாளும் கை எங்கே என்ற வினாவை எழுப்புவார் அரியர்.

இவ்வினாவை எழுப்பியவுடன் ஒரு சாரார் விரைந்து விடை கூறுவர்: “உள்ளூர்ச் சபைகளுக்கு ஆற்றல் போதாது, ஆகவே வேலையைப் பெரிய திணைக்களங்களிடம் விடுவதே நன்று.” இவ்விடையை நாம் ஏற்க மாட்டோம். ஆற்றல் என்பது வேலைக்கு முன்னர் வந்து காத்திருக்கும் பொருளன்று. வேலையைச் செய்யச் செய்ய வளர்வது. எம் நாட்டில் நிகழ்ந்ததோ, வேலையை முதலிற் பறித்துவிட்டுப் பின்னர் ஆற்றலில்லை என்று குறை கூறுதலாகும். வரலாற்றைச் சற்று நோக்குவோம்.

எம் பகுதி உழவர் பொதுக் காரியத்தைத் தாமே நடத்த அறியாதவரல்லர். வயல்வெளியாகிய வட்டையைக் கண்காணித்தவர் வட்டை விதானை. வாய்க்காலைச் செப்பனிடுவித்தலும், நீரை முறைப்படி பங்கிடுதலும், வேலி கட்டாதவனைக் கண்டித்தலும் அவர் கடன். அதற்கு ஊதியமாக உழவர் தம் விளைச்சலில் நெல் அளந்தனர். அரசாங்கப் பணம் அதில் ஒரு சதமும் இல்லை. 1856ஆம் ஆண்டு ஆங்கில ஆட்சியினர் நீர்ப்பாசனச் சட்டம் இயற்றியபோது, புதிதாக ஒன்றையும் படைக்காமல், இத்தகைய பழைய வழக்கங்களுக்கே சட்ட வலு அளித்தனர். 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்து அப்பழைய பதவியை மாற்றியது. ஆயினும் போகத்தின் தொடக்கத்தில் உழவர் கூடி, விதைப்பு நாளையும் நீர் திறக்கும் நாளையும் மாடுகளை வயலைவிட்டு அகற்றும் நாளையும் தீர்மானிக்கும் கூட்டம் இன்றும் நடைபெறுகிறது. அக்கூட்டத்தில் உரத்த குரலுமுண்டு, சண்டையுமுண்டு, தீர்மானமும் உண்டு. கோயில்களில் வண்ணக்கர் முறையும் அவ்வாறே. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் ஆலயம் போன்ற பெருங்கோயில்களின் காரியங்களை ஊரவரே தலைமுறை தலைமுறையாக நடத்தி வந்திருக்கின்றனர். அம்முறையின் குறைகளை நாம் அறியாதவரல்லேம். சாதியும் குடியும் அதிற் பெற்ற இடம் இன்றைய நீதிக்கு ஒவ்வாது. பெண்களுக்கோ இடமே இருக்கவில்லை. ஆயினும் கணக்கு வைக்கவும் கூடித் தீர்மானிக்கவும் ஊருக்குத் தெரியும் என்பதற்கு இவை சான்று.

சட்டப்படி வந்த உள்ளூராட்சிக்கும் நெடிய வயதுண்டு. 1871இல் கிராமச் சமூகங்களுக்கான சட்டம் வந்தது. டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 1936இல் உள்ளூர்ப் பரிபாலன மந்திரியான எஸ். டபிள்யு. ஆர். டி. பண்டாரநாயக்கவின் காலத்திற் கிராமச் சங்கங்கள் விரிவடைந்தன. நகர சபைகளுக்கு 1939இலும் பட்டின சபைகளுக்கு 1946இலும் மாநகர சபைகளுக்கு 1947இலும் சட்டங்கள் அமைந்தன. மட்டக்களப்பு நகர சபை 1967இல் மாநகர சபையாக உயர்ந்தது. இவ்வாறு நூறாண்டுக்கு மேலாக வளர்ந்துவந்த கிராமச் சங்கங்களும் பட்டின சபைகளும், மாவட்ட அபிவிருத்திச் சபைகளை நிறுவிய 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக, 1981இல் ஒரே நாளில் மறைந்தன. பிரதேச சபைகள் தோன்ற 1988 ஆகிவிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஊரின் எந்த ஒழுங்கையில் எந்த மதகு எப்போது கட்டப்பட்டது என்ற நினைவு அறுந்துபோயிற்று.

அதன்பின் எம் பகுதியை யுத்தம் கவிந்தது. இம்மாவட்டத்து மக்கள் 2008 மார்ச்சில் உள்ளூராட்சித் தேர்தலிலும் அவ்வாண்டு மே மாதத்தில் மாகாண சபைத் தேர்தலிலும் வாக்களித்தனர். 2018இற் புதிய முறைப்படி தேர்தல் நடைபெற்றது. அம்முறையிற் பெண்களுக்கு நான்கில் ஒரு பங்கு இடம் கிடைத்தமையை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் நாடு முழுதும் 4,500க்குக் கிட்டிய உறுப்பினர் தொகை 8,000ஐக் கடந்தது. உறுப்பினர் பெருகிய அளவிற்குத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பெருகினாரா? கதிரைகள் பெருகின, சபாமண்டபங்கள் நெருங்கின. அச்சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தபின், 2025 மே 6ஆம் நாள் தேர்தல் நடைபெறும்வரை, இரண்டாண்டுக்கு மேலாகச் சபைகளை உத்தியோகத்தரே நடத்தினர். கிழக்கு மாகாண சபையோ 2017இற் காலம் முடிந்து கலைந்தது. 2025இல் ஊர்ச்சபைகள் மீண்டும் உயிர் பெற்றபோதும் அதற்குத் தேர்தல் வரவில்லை.

இதற்கிடையில் வேலைகள் ஒவ்வொன்றாய்க் கைமாறின. குடிநீர் 1975இல் தொடங்கிய தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம் சென்றது. பெருவீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியன. இப்பெரிய நிறுவனங்கள் நற்பணி செய்யவில்லையென்று எவரும் சொல்லார். மண்முனைத் துறையிற் பாதைக்காகக் காத்துநின்ற எம்மில் எவர் 2014இல் திறந்த பாலத்தை வாழ்த்தாதிருப்பார்? அத்தகைய பாலத்தை எந்தப் பிரதேச சபையும் கட்ட இயலாது, கட்ட வேண்டியதுமில்லை. ஆனால் பாலத்தில் இறங்கியதும் தொடங்கும் கிரவல் வழியும், அதன் வடிகானும், தெருவிளக்கும், சந்தையும், மயானமும், குப்பையும் சபையின் பொறுப்பே. பாலம் கடந்தவன் சேற்றிற் காலை வைப்பானாயின் பாலத்தின் பயன் பாதியே.

மட்டக்களப்பு மாவட்டத்திலுள்ள 12 உள்ளூராட்சி மன்றங்களையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது. மட்டக்களப்பு மாநகர சபை, ஏறாவூர், காத்தான்குடி நகர சபைகள் ஆகியவற்றிற்குக் கடைகளும் நெருங்கிய வீடுகளும் உண்டு. சோலைவரி ஓரளவு வந்து சேரும். படுவான்கரையின் மண்முனை மேற்கு, மண்முனை தென்மேற்கு, போரதீவுப்பற்றுச் சபைகளுக்கோ பரந்த நிலமும் சிதறிய குடிகளும் நீண்ட வழிகளுமே உண்டு. வரி தரத்தக்க கட்டடம் சில. பராமரிக்க வேண்டிய வழியோ பல. முத்திரை வரியும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாண சபையைச் சுற்றிக்கொண்டே சபையை வந்தடைகின்றன. ஒரு பதவியைப் புதிதாக ஆக்கவேண்டுமாயின் ஆளணி அனுமதி கொழும்பிலிருந்து வரல்வேண்டும். மதகுக்கு ஓர் ஆளைத் தேட வெள்ளாவெளியிலிருந்து திறைசேரி வரை கடிதம் நடக்கும் ஆட்சியைப் பரவலாக்கம் என்று பெயரிட்டழைப்பது எங்ஙனம்?

சோலைவரி என்ற சொல் வந்தமையால் ஒரு கசப்பான செய்தியையும் சொல்லிவிடுவோம். நகரிற் சொந்த வீடுள்ள பழைய மாணவராகிய நாம் எல்லோரும் அவ்வரியை உரிய காலத்திற் செலுத்துகின்றோமா? குப்பை இரண்டு நாள் எடுக்கப்படாவிடிற் சபையைத் திட்டுவதில் நாம் எவர்க்கும் பின்னிற்பதில்லை. வீட்டின் மதிப்பை மறுமதிப்பீடு செய்ய உத்தியோகத்தர் வந்தால் மட்டும், எமக்குத் தெரிந்த உறுப்பினர் எவரென்று யோசிக்கிறோம். படித்தவரின் இவ்வழக்கத்தைப் பார்த்துத்தான் ஏனையோரும் கற்கின்றனர்.

குப்பைப் பொருளில் நம்பிக்கை தரும் செய்தியொன்றும் உண்டு. நகரின் குப்பை திருப்பெருந்துறையில் மலையாய்க் குவிந்து, அயலவர் நெடுங்காலம் வருந்தினர். செங்கலடிப் பக்கத்துக் கொடுவாமடுவில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு, ஐக்கிய நாடுகளின் திட்டச் சேவை அலுவலகம் முறையான நிலம் நிரப்பு மையமொன்றை அமைத்தது. ஒன்றுக்கு மேற்பட்ட சபைகள் பொதுவாய்ப் பயன்படுத்துதற்கென அமைந்தது அது. ஒரு சபையால் தாங்க இயலாததைப் பல சபைகள் சேர்ந்து தாங்கலாம் என்பதற்கு அது வழிகாட்டும். மூன்று படுவான்கரைச் சபைகளும் சேர்ந்து ஒரு பொறியியல் அலுவலகத்தை நிறுவி, முழுநேரத் தொழில்நுட்பவியலாளரையும் மண் அள்ளும் இயந்திரமொன்றையும் பொதுவாய் வைத்துக்கொள்வதை எது தடுக்கிறது? நாம் அறிந்த அளவிற் சட்டத்தைவிட வழக்கமே தடுக்கிறது.

வேலையை முதலிற் கொடுத்தால் ஆற்றல் வளரும் என்றோம். அதற்குக் கடல் கடந்து வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை, கேரளம் போதும். 1996இல் அம்மாநில அரசு மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, தன் திட்ட நிதியில் நூற்றுக்கு 35 முதல் 40 வரையான பங்கைப் பஞ்சாயத்துகளுக்கும் நகராட்சிகளுக்கும் ஒதுக்கியது. பஞ்சாயத்துகள் அப்பொழுது ஆற்றல் நிரம்பியிருந்தனவோ எனில், இல்லை. முதலாண்டில் அவை வரைந்த திட்டங்களுட் பல குறைபாடுடையன. கணக்குத் தவறியவையும், செய்ய இயலாதவையும் இருந்தன. அதற்காக அரசு பணத்தைத் திருப்பி எடுக்கவில்லை. ஓய்வு பெற்ற பொறியியலாளர், வைத்தியர், விவசாய உத்தியோகத்தர், பேராசிரியர் ஆகியோரைத் தொண்டர் தொழில்நுட்பப் படையாகத் திரட்டித் திட்டங்களைத் திருத்த அனுப்பியது. திருச்சூரிலுள்ள உள்ளூராட்சிக் கல்வி நிறுவனம் உறுப்பினரைப் பயிற்றுவித்தது. கேரளத்திலும் கட்சிச் சண்டை உண்டு, வீண் செலவும் உண்டு. ஆயினும் பஞ்சாயத்து என்றால் வேலை நடக்கும் இடமென்ற எண்ணம் அங்கே வேரூன்றியது.

ஓய்வு பெற்றோரின் அப்படையைப் பற்றி வாசித்தபோது எம் மனக்கண்முன் வந்தது எம் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் பொதுக்கூட்டமே. முன்வரிசையில் அமர்வோரை நினைத்துப் பாருங்கள். நீர்ப்பாசனத் திணைக்களத்திற் குளங்களை அளந்தவர் ஒருவர், கணக்காய்வில் முப்பதாண்டு கழித்தவர் ஒருவர், பொதுச் சுகாதாரப் பரிசோதகராய் ஊரூராய்த் திரிந்தவர் ஒருவர், நில அளவையாளர், அதிபர். இவர்களின் அறிவு, ஓய்வூதியம் பெறப்போகும் வரிசையிலும் கோயில் திருவிழாக் கணக்கிலும் அடங்கிக் கிடக்கிறது. மதகின் மதிப்பீட்டிற் கையொப்பமிடும் உரிமை இவர்களுக்கு இல்லை; இருக்கவும் வேண்டா. ஆனால் அளவெடுத்து, வரைபடம் கீறி, கையொப்பத்திற்கு ஆயத்தமாகக் கோப்பை மேசையில் வைக்க இவர்களால் இயலும். இரண்டு நாள் வரும் உத்தியோகத்தரின் இரண்டு நாளை அது நான்கு நாளாக்கும்.

இளைய மாணவருக்கும் ஒரு சொல். நிருவாக சேவைப் பரீட்சையிற் சித்தியெய்தியோரின் படங்களை எம் கல்லூரி மண்டபத்தில் மாட்டுகிறோம், அது முறையே. பிரதேச சபையொன்றின் செயலாளராயோ தொழில்நுட்ப உத்தியோகத்தராயோ வவுணதீவிற் பத்தாண்டு பணியாற்றிய மாணவனின் படத்தை இதுவரை எவரும் மாட்டக் கண்டோமில்லை.

எனவே வரும் பொதுக்கூட்டத்தில் நாம் ஒரு பிரேரணையைக் கொண்டுவர எண்ணியுள்ளோம். பொறியியல், அளவை, கணக்கு, சுகாதாரம் ஆகிய துறைகளிற் பணியாற்றி ஓய்வு பெற்ற பழைய மாணவரின் பெயர்ப் பதிவேடொன்றைச் சங்கம் திறத்தல் வேண்டும். மாதத்தில் இரண்டு நாள் தரக்கூடியோர் மட்டும் அதிற் பெயரெழுதுதல் வேண்டும். அதன் பிரதியை மூன்று படுவான்கரைச் சபைகளின் தவிசாளருக்கும் நேரிற் கொண்டுபோய்க் கொடுத்தல் வேண்டும். தேநீர்ச் செலவும் பிரயாணச் செலவும் சங்கத்தின் பொறுப்பு. பிரேரணையை வழிமொழிய விரும்புவோர் செயலாளருக்கு எழுதுக. மாரி தொடங்குமுன் மதகுகளை அளந்தாக வேண்டுமாதலால், புரட்டாதிக்கு முன்னரே பதிவேட்டைத் திறத்தல் நலம்.