இலவசம் வேறு, உரிமை வேறு

காசு கேளாத இணையச் சேவைகள் யாவும் நமக்கு நன்மையே என்பார் நம்மவருள் பலர். நாம் இதனை ஏற்பதற்கில்லை. விலையின்மை வேறு, உரிமை வேறு.

பல தளங்களின் புதுச் செய்திகளை ஓரிடத்தில் திரட்டித் தந்த கூகுள் ரீடர், 2013 ஜூலை முதல் நாள் மூடப்பட்டது. பயனாளர் முறையீடு செவியேறவில்லை. ஆயினும் ஆர்.எஸ்.எஸ். என்னும் செய்தியோடை அழியவில்லை. அது பொதுமுறை, வேறு திரட்டிகள் அதனைத் தொடர்ந்து ஏந்தின.

மென்பொருளை இயக்கவும், ஆராயவும், திருத்தவும், பகிரவும் உரிமை வேண்டுமென்பதே 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டத்தின் உயிர்க்கொள்கை. வக்ஃபின் இலக்கணத்தை அறிந்த நமக்கு இது புதிதன்று: மூலம் விற்பனைக்கில்லை, பயன் பலருக்கு.

“ஓசியில் பெறுவோர்க்குக் குறைகூற வாயேது?” என்பர். கொடுப்பவர் கதவடைக்கும் நாளில் நம் ஜமாஅத் கணக்கும் மூதாதையர் ஏடும் எங்கே போகும்? சேவையைத் துறக்கச் சொல்லவில்லை. திறந்த வடிவில் ஒரு படி நம்மிடமும் இருக்கட்டும் என்கிறோம். 1998இல் தோன்றிய மதுரைத் திட்டத்தில் சீறாப்புராணத்தை எவரும் படியெடுக்கலாம். சேத்தூரில் கண்மாய் ஊருக்குப் பொது. தண்ணீர் வண்டியோ வண்டிக்காரர் விருப்பம். எதனை நம்பிப் பயிரிடுவீர்?