பிடிக்குதே, அப்புறம் எதுக்கு மாத்தணும்?

"பிரேக் நல்லாத்தானே பிடிக்குது, அதை எதுக்கு சார் பிரிக்கணும்?" போன ஞாயிற்றுக்கிழமை திருநின்றவூரில் ஒரு பட்டறை வாசலில் இதைக் கேட்டதிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. கேட்டவர் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டைப் புதிதாக வாங்கியவர். டிங்கரிங் முடிந்தாயிற்று, பெயின்ட் அடித்தாயிற்று, பம்பருக்குக் குரோமியம் பூசியாயிற்று, சீட்டுக்குப் புது உறை தைத்தாயிற்று. சேசிஸ் ஓரமாக ஓடுகிற பிரேக் பைப் மட்டும் கம்பெனியில் போட்டது போட்டபடியே இருக்கிறது. அதை அவர் குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகச் சொன்னார். "ஒரிஜினல் சார். அந்தக் காலத்து இரும்பு. இப்போ வர்றதெல்லாம் தகரம்." சுற்றி நின்ற எல்லோரும் தலையாட்டினார்கள், மெக்கானிக் உட்பட.

அந்தக் காலத்து இரும்பு அந்தக் காலத்திலேயே துருப்பிடித்தது. அந்த பைப்பின் வெளிவிட்டம் 4.75 மி.மீ. சுவரின் தடிமன் ஏறக்குறைய 0.7 மி.மீ. நாலு பேர் உட்கார்ந்த வண்டியை நிறுத்துகிற வேலை முழுக்க அந்த மெல்லிய சுவரை நம்பித்தான் நடக்கிறது. அதில் துரு தின்பதற்கு என்ன மிச்சம் இருக்கிறது?

எனக்குத் தெரிந்த இன்னொரு ஹெரால்டின் கதையைச் சொல்கிறேன். பின்சக்கரத்துக்குப் போகிற பைப் வெளியே பார்க்கக் கருகருவென்று புதிது போலத்தான் இருந்தது. நெமிலிச்சேரி பக்கம் ஒரு லாரி சட்டென்று நின்றதும், ஓட்டியவர் பெடலை அழுத்தி மிதித்தார். பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. கை பிரேக்கும் கியரும் காப்பாற்றின. பிறகு வண்டியைத் தூக்கிப் பார்த்தால், பைப்பைப் பிடித்திருந்த கிளிப்புக்கு அடியில், விரல் நகம் அளவு இடத்தில் துரு தின்று ஓட்டை. கிளிப்புக்கு இந்தப் பக்கம் பளபளப்பு, அந்தப் பக்கமும் பளபளப்பு. அந்த பைப்பும் அன்று காலைவரை 'நல்லாத்தான் பிடித்துக்கொண்டு' இருந்தது.

"பிடிக்குது" என்கிறவர்கள் எதை வைத்துச் சொல்கிறார்கள்? தெருமுனையில் மெதுவாக மிதித்ததை வைத்து. அன்றாட ஓட்டத்தில் பைப்புக்குள் ஏறுகிற அழுத்தம் கொஞ்சம்தான். ஒரு பள்ளிக் குழந்தை குறுக்கே ஓடும்போது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மிதிக்கிறோமே, அப்போதுதான் சதுர அங்குலத்துக்கு ஆயிரம் பவுண்டு அளவுக்கு அழுத்தம் ஏறுகிறது. நைந்த பைப் அந்த நேரம் பார்த்துத்தான் வெடிக்கும். ஆயிரம் முறை பிடித்தது ஆயிரத்தோராவது முறைக்குச் சாட்சி இல்லை. நெமிலிச்சேரி பைப்பைக் கேளுங்கள்.

அதிலும் ஹெரால்டுக்கு மன்னிப்பே கிடையாது. 1959-இல் இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்டாக வந்த வண்டி அது. உடலை வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி. 1961 முதல் நம் வண்டலூர் பக்கமே அது உருவானது. அதே சேசிஸைக் குறுக்கித்தான் 1962-இல் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். ஹெரால்டில் ஒரே மாஸ்டர் சிலிண்டர், நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே ஆயில் ஓட்டம். ஒரு இடத்தில் ஓட்டை விழுந்தால் நாலு சக்கரமும் போச்சு. அமெரிக்காவில் 1968 முதல் புதுக் கார்களுக்கு இரட்டை ஓட்டம் கட்டாயம் என்று சட்டமே போட்டார்கள். ஒன்று போனால் இன்னொன்று நிறுத்தும். நம் ஹெரால்டில் அந்த இன்னொன்று இல்லை. வெள்ளைக்காரன் தன் ஸ்பிட்ஃபயருக்குச் செம்பும் நிக்கலும் கலந்த, துருவே பிடிக்காத பைப்பை முழு செட்டாக வாங்கி மாட்டிக்கொள்கிறான். நாம் துருவுக்குப் பெயின்ட் அடித்து ஒரிஜினல் என்கிறோம்.

பிரேக் ஆயிலும் இதே கதைதான். "குறைஞ்சா ஊத்திக்கலாம்" என்பது இன்னொரு வேதவாக்கு. அந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சுகிற சாதி. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது அளவுகோல். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அது 140 டிகிரிக்கு இறங்கிவிடும். அந்தத் தண்ணீர் பைப்பை உள்ளிருந்தும் அரிக்கும். சென்னைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் பக்கம் எத்தனை வண்டிகள் முட்டளவுத் தண்ணீரில் நின்றன! வடிந்ததும் இன்ஜின் ஆயிலை மாற்றினார்கள், கார்ப்பெட்டைக் காயப்போட்டார்கள். கிளிப்புக்குள் தங்கிய சேற்றை யார் பார்த்தது?

சரி, மாற்றுகிறேன் என்று கிளம்புகிறவர்களாவது ஒழுங்காகச் செய்கிறார்களா? ஏ.சி.க்குப் போடுகிற செம்பு ட்யூபை வெட்டி வளைத்து மாட்டிவிடுகிறார்கள். வெறும் செம்பு அதிர்வில் இறுகி இறுகி விரிசல் விடும். பழைய பிரிட்டிஷ் வண்டியின் நட் 3/8 அங்குல மரை. புது வண்டிகளில் வருவது 10 மி.மீ. மரை. பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும். இதை எடுத்து அதில் போட்டால் முதல் இரண்டு சுற்று ஏறும், அப்புறம் மரை அறுந்துவிடும். பைப் முனையை இரட்டை மடிப்பாக விரிக்கிற கருவி இல்லாமல், ஒற்றை மடிப்பு விரித்து, டேப் சுற்றி அனுப்புகிற பட்டறைகளை நானே பார்த்திருக்கிறேன். இவர்களிடம் மாட்டிக்கொண்டவன்தான் "புதுசை விட பழசே தேவலாம்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். கைவேலை கெட்டதற்கு பைப் என்ன செய்யும்? "சாமான் கிடைக்கலை" என்ற சாக்கும் வேண்டாம். சென்னை-திருவள்ளூர் நெடுஞ்சாலையான சி.டி.எச். சாலை தொடங்குகிற பாடியில் 1962 முதல் பிரேக் செய்கிற பிரேக்ஸ் இந்தியா இருக்கிறது. பிரேக்கே தொழிலாக வாழ்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, நல்ல பைப்பும் அதை விரிக்கத் தெரிந்த கையும் கிடைக்கவில்லை என்று சொல்ல நாக்கு கூச வேண்டாமா?

ஒரிஜினல் போய்விடுமாம். 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த பழங்கார்ப் பதிவு விதியைப் படித்துவிட்டுப் பேசட்டும். ஐம்பது வருஷம் தாண்டிய வண்டியில் சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றை உருமாற்றக் கூடாது என்கிறது அது. துருப்பிடித்த பிரேக் பைப்பைக் கட்டிக்கொண்டு அழு என்று எங்கே சொல்கிறது? பழங்கார்க் கண்காட்சிகளில் நடுவர்கள் குரோமியத்தில் முகம் பார்க்கிறார்கள், ஹாரனை அடித்துக் கேட்கிறார்கள். முதலில் ஜாக்கி ஏற்றி, கிளிப்புகளைக் கழற்றிக் காட்டச் சொல்லட்டும். கழற்ற மறுக்கிற வண்டிக்குப் பரிசும் தரக் கூடாது, சி.டி.எச். சாலையில் ஏறவும் விடக் கூடாது.